சிப்டியூன்: கேசட்டுக்குள் பாட்டு இல்லை

போன மாதம் அக்கா மகன் போனை என் காதருகே நீட்டி, "மாமா, இது எட்டு பிட் வெர்ஷன், கேளுங்க" என்றான். எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு சினிமாப் பாட்டு. குரல் இல்லை, வயலின் இல்லை, தபேலா இல்லை. மொத்தமும் பழைய டிவி கேம் மாதிரி பீப் பீப் என்று ஓடியது. "எட்டு பிட்டுன்னா என்னடா?" என்றேன். "பாட்டோட குவாலிட்டிய நல்லா குறைச்சிடுவாங்க மாமா, அதான்."

அவன் மேல் தப்பில்லை. எட்டு பிட், மிடி, ரெட்ரோ, சிப்டியூன் என்று நாலு சொல்லையும் எல்லோரும் ஒரே அர்த்தத்தில்தான் புழங்குகிறார்கள். ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் பதிலும் தயாராக இருக்கும்: "சின்ன வயசு ஞாபகம்." டிவி கேமையே பார்த்திராத பதினான்கு வயதுப் பையனுக்கு எந்தச் சின்ன வயசு ஞாபகம்?

குழப்பத்துக்கு ஒரு காரணம் நாம் வைத்த பெயர் என்று எனக்குத் தோன்றுகிறது. டிவி கேமில் செருகும் பெட்டியை நாம் 'கேசட்' என்றோம். கேசட் என்றால் உள்ளே நாடா, நாடாவில் பாட்டு. டேப் ரெக்கார்டர் வைத்திருந்த வீட்டில் வேறெப்படி நினைக்கத் தோன்றும்? ஆனால் அந்தப் பெட்டிக்குள் பதிவான பாட்டு என்று ஒன்று கிடையாது.

பார்சல் சாம்பாரும் சாம்பார்க் குறிப்பும்

ஹோட்டலிலிருந்து சாம்பார் வீட்டுக்கு வர இரண்டு வழி. ஒன்று, பார்சல் வாங்குவது. பை கனக்கும், சூடு ஆறும், ஆனால் சாம்பார் அப்படியே வரும். இன்னொன்று, சமையல்காரரிடம் குறிப்பை எழுதி வாங்கி வருவது. காகிதத்துக்கு எடையே இல்லை. ஆனால் வீட்டில் சமைக்க ஆள் வேண்டும்.

போனில் கேட்கும் எம்பி3 பாட்டு பார்சல். ஸ்டுடியோவில் எழுந்த ஒலியைப் பிடித்து அப்படியே அடைத்தது. பழைய கேம் இசை குறிப்பு. "இந்தச் சுரத்தை இத்தனை நேரம் இந்த அளவு சத்தத்தில் வாசி" என்ற கட்டளைகள்தான் பெட்டிக்குள் இருந்தன. சமைக்கும் ஆள், விளையாட்டுக் கருவிக்குள் இருந்த ஒலிச் சிப். கேமைப் போட்ட ஒவ்வொரு முறையும் அது அந்தக் குறிப்பைப் பார்த்து அங்கேயே, அப்போதே வாசித்தது. இப்படி ஒரு சிப் நேரடியாக வாசிக்கும் இசைதான் சிப்டியூன்.

பார்சல் கட்டாததற்குக் காரணம் எளிது, இடமில்லை. நின்டெண்டோ நிறுவனத்தின் சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேம் 1985-இல் வந்தது. படங்கள், எல்லாக் கட்டங்களும், விதிகள், கோஜி கோண்டோ அமைத்த இசை என அனைத்தும் சேர்ந்து 40 கிலோபைட். சிடி தரத்தில் பதிவான ஒலிக்கு அந்த இடத்தைக் கொடுத்தால் கால் நொடி கூட ஓடாது. "ஹலோ" என்று சொல்லி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும்.

இது குறிப்புதான், பதிவு இல்லை என்பதைக் காதாலேயே சோதிக்கலாம். மரியோவில் நேரம் 100-க்குக் கீழே இறங்கியதும் ஒரு சின்ன எச்சரிக்கை ஒலி வரும். பிறகு பாட்டு வேகமெடுக்கும். ஆனால் சுருதி ஏறாது. டேப் ரெக்கார்டரில் கேசட்டை வேகமாக ஓட்டினால் பாடகர் குரல் கீச்சென்று மாறிவிடும், ஏனென்றால் அங்கே இழுபடுவது பதிவு. இங்கே "சீக்கிரம் வாசி" என்று சிப்பிடம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமிலேயே இந்த வித்தை உண்டு. நாலே நாலு தாழ்ந்த சுரம், திரும்பத் திரும்ப. எதிரிகள் குறையக் குறைய அது வேகம் பிடிக்கும், ஆடுகிறவனுக்கு நெஞ்சு படபடக்கும்.

இதுவரை: கேசட்டில் இருந்தது குறிப்பு, பாட்டு இல்லை. வாசித்தது சிப். ஆகவே தரம் குறைந்த பதிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஊஞ்சலும் சுவிட்சும்

அந்தச் சிப் எப்படி வாசிக்கிறது?

ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் சத்தம் வருகிறது. நொடிக்கு எத்தனை முறை அசைகிறதோ அதுதான் அதிர்வெண். அது கூடினால் சுரம் மேலே போகும், குறைந்தால் கீழே இறங்கும். நொடிக்கு 440 முறை என்பது உலகம் முழுக்க வாத்தியங்களைச் சேர்க்கப் பயன்படும் அளவு.

எத்தனை முறை என்பது போலவே எப்படி அசைகிறது என்பதும் முக்கியம். ஊஞ்சல் மெல்ல மேலே போய், நின்று, மெல்லத் திரும்பும். கூம்பு அப்படி அசைந்தால் ஒலி வழவழப்பாக, புல்லாங்குழலின் ஓரத்தைத் தொட்டாற்போல் இருக்கும். சுவிட்ச் அப்படி இல்லை. ஆன், ஆஃப், நடுவில் எதுவும் கிடையாது. கூம்பை அப்படி வெடுக் வெடுக்கென்று தள்ளி இழுத்தால் வருவது கூர்மையான, கொஞ்சம் மூக்கால் பேசுகிற ஒலி. கேம் சத்தம் என்று நாம் அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் இதைத்தான். இதன் பெயர் துடிப்பலை. 1980-களில் மலிவான சிப்பில் ஒரு சுவிட்சைப் போட்டு அணைப்பது மிகச் சுலபம், அதனால்தான் எங்கு திரும்பினாலும் அந்த ஒலி.

நின்டெண்டோ ஃபேமிகாம் கருவி ஜப்பானில் 1983 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. தொண்ணூறுகளில் நம் ஊரில் டிவி கேம் என்று விற்ற கருவிகளில் ஏராளமானவை அதன் நகல்கள். அதன் மூளையான ரிக்கோ 2ஏ03 சிப்புக்குள்ளேயே ஒலிப் பகுதியும் அடங்கியிருந்தது. அமெரிக்க, ஜப்பானியக் கருவிகளில் அந்தச் சிப்பின் கடிகாரம் நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் முறை துடிக்கும். துடிப்பலைப் பகுதியிடம் 253 என்ற எண்ணைக் கொடுத்தால், அது கடிகாரத் துடிப்பை எண்ணி எண்ணிச் சுவிட்சைப் போட்டு அணைக்கும், 440 அதிர்வு வந்துவிடும். எண்ணைக் குறைத்தால் சுரம் ஏறும். இசையமைப்பாளரின் மெட்டு கடைசியில் இப்படி ஓர் எண் வரிசையாகத்தான் பெட்டிக்குள் போனது.

இதில் ஒரு கோளாறு உண்டு. மேலே போகப் போகப் படிக்கட்டின் உயரம் கூடிவிடும். 27 என்ற எண் ஏறத்தாழ 3,995 அதிர்வு தரும், அடுத்த எண் 26 கொடுத்தால் 4,143. இடையில் எதையும் தொட முடியாது. சுருதி சுத்தம் பார்க்கிறவர்கள் அந்த உச்சியில் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தப் பிசிறு பிடிக்கும்.

சுவிட்ச் எவ்வளவு நேரம் ஆனில் இருக்கிறது என்பதையும் மாற்றலாம். பாதி நேரம் ஆன், பாதி ஆஃப் என்றால் ஒலி உருண்டையாக, கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். கால் பங்கு மட்டும் ஆன் என்றால் மெலியும். எட்டில் ஒரு பங்கு என்றால் ஈர்க்குச்சி போல ஆகிவிடும். சுரம் அதேதான், குரல் மட்டும் மாறுகிறது. நகல் சிப்கள் சிலவற்றில் பாதியும் கால் பங்கும் இடம் மாறியிருந்தன. அப்படி ஒரு நகல் கருவியில் விளையாடி வளர்ந்தவர், இன்று அசல் கருவியில் அதே பாட்டைக் கேட்டால் "ஏதோ மாறியிருக்கே" என்பார். அவர் நெஞ்சில் இருப்பது இசையமைப்பாளர் நினைத்த குரலே இல்லை.

ஐந்து பேர் கச்சேரி

சிப் ஒரே நேரத்தில் எழுப்பக்கூடிய தனித்தனி ஒலிகளைச் சேனல் என்பார்கள். மேடையில் இருக்கும் ஆட்களாக நினைத்துக்கொள்ளலாம். ஃபேமிகாம் மேடையில் ஐந்து பேர்.

முதல் இருவரும் துடிப்பலைக்காரர்கள். ஒருவர் மெட்டை வாசிப்பார், மற்றவர் துணைக்கு வருவார், அல்லது எதிர்ப்பாட்டு பாடுவார். இவர்கள் சத்தத்தைப் பதினாறு அளவுகளில் கூட்டிக் குறைக்கலாம்.

மூன்றாமவர் முக்கோண அலை. சுவிட்ச் போல வெடுக்கென்று தாவாமல், படிப்படியாக ஏறி இறங்குகிறவர். ஒலி மென்மையாக, அடிவயிற்றிலிருந்து வரும். இவருக்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ தெரியாது. வாசிப்பார், இல்லையென்றால் நிறுத்துவார். அதனால் தாழ்ந்த சுரங்களைப் பிடித்துக்கொள்ளும் பேஸ் வேலையை இவரிடம் விட்டார்கள். சில இசையமைப்பாளர்கள் இவரது சுரத்தை மேலிருந்து சரேலென்று கீழே தள்ளி, மத்தளத்தில் ஒரு அடி விழுந்தாற்போல ஆக்கினார்கள். ஒரே ஆள், பேஸும் அவரே மத்தளமும் அவரே.

நான்காமவர் இரைச்சல். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவின் 'உஸ்ஸ்'. தனியாகக் கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆனால் அதைத் துண்டு துண்டாக வெட்டினால் கதை வேறு. கண் இமைக்கும் நேரத்துக்கு விட்டு நிறுத்தினால் ஜால்ராவைப் பொத்தி அடித்தது போல் 'ட்ஸ்'. கொஞ்சம் நீட்டித் தேயவிட்டால் டிரம்மில் 'டப்'. முறத்தில் அரிசி புடைக்கும் சத்தத்தில் ஒரு தாளம் இருக்குமே, ஏறத்தாழ அந்த மாதிரி. மரியோ பாட்டின் தாளம் முழுக்க இந்த இரைச்சல்தான்.

ஐந்தாமவர் மட்டும் விதிவிலக்கு. உண்மையான ஒலியின் குட்டித் துண்டு ஒன்றை, அதாவது சாம்பிளை, கரகரப்பாக வாசிக்கத் தெரிந்தவர். இடம் தின்பதால் பல கேம்களில் இவரைக் கூப்பிடவே இல்லை.

இதுவரை: இரண்டு துடிப்பலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், எப்போதாவது ஒரு சாம்பிள். இவர்களுக்குத்தான் முழுப் பாட்டையும் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அப்போ எட்டு பிட்?

பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம். எட்டு பிட் என்பது கருவியின் மூளை ஒரே மூச்சில் கையாளும் எண்ணின் அளவு. இசையின் தரத்தை அது சொல்லவில்லை. மேலே சொன்ன பதினாறு சத்த அளவுகளுக்கு நாலு பிட் போதும்! அந்தக் காலக் கருவி என்பதற்கு ஒட்டிக்கொண்ட செல்லப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிடி வேறு. அதுவும் குறிப்புதான், ஆனால் யார் சமைப்பது என்று சொல்லாத குறிப்பு. எந்த வாத்தியக் கருவியிடமும் கொடுக்கலாம், கைக்குக் கை ருசி மாறும். சிப்டியூன் குறிப்பு குறிப்பிட்ட ஒரு சமையல்காரரின் கையை நம்பி எழுதியது.

கம்பி மத்தாப்பு வித்தை

எனக்கு இந்த இசையில் மிகவும் பிடித்த இடம் இது. மேற்கத்திய இசையில் மூன்று, நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவார்கள், அதைக் கார்ட் என்பார்கள். கிட்டார்காரர் ஆறு கம்பியையும் ஒரே இழுப்பில் மீட்டுவது அதற்குத்தான். சிப்பின் ஒரு சேனலுக்கோ ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் வரும். கார்டுக்காக மூன்று சேனலையும் கொடுத்துவிட்டால் மெட்டை யார் வாசிப்பது?

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக் கொளுத்தி வட்டமாகச் சுற்றுகிறோம். நெருப்பு ஒரு புள்ளியில்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவது முழு வளையம். அதையே காதுக்குச் செய்தார்கள். மூன்று சுரங்களை ஒரே சேனலில் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு 50, 60 முறை மாற்றி மாற்றி ஓடவிட்டார்கள். காது அதைத் தனிச் சுரங்களாகப் பிரிக்க முடியாமல், நீர்க்குமிழி கொதிப்பது போன்ற ஒரே கார்டாகக் கேட்கிறது. கார்டின் சுரங்களைப் பிரித்து வாசிப்பதற்கு ஆர்பெஜியோ என்று பெயர். மனிதக் கை வாசிப்பது நிதானமான ஆர்பெஜியோ, இது பேய் வேகத்தில் ஓடுவது. ஐரோப்பாவில் கமோடோர் 64 கணினிக்கு இசையமைத்தவர்கள் இதை விளாசித் தள்ளினார்கள், மார்ட்டின் கால்வே அவர்களில் ஒருவர். இன்று யாராவது சிப்டியூன் போலப் பாவனை செய்தாலும் முதலில் கை வைப்பது இதில்தான்.

எதிரொலியும் அப்படித்தான். பெரிய மண்டபத்தில் பாடும் உணர்வு வேண்டும், ஆனால் சிப்பில் எதிரொலி வசதி கிடையாது. மெட்டில் சுரத்துக்குச் சுரம் நடுவே கொஞ்சம் மௌனம் இருக்குமல்லவா? அந்தச் சந்தில், இப்போதுதான் வாசித்த சுரத்தையே மெல்லிய சத்தத்தில் இன்னொரு முறை வாசித்துவிடுவார்கள். சந்து நிரம்பும், சுவர் இருப்பது போலக் காது ஏமாறும்.

சமையல்காரர் மாறினால்

மேலே சொன்ன கமோடோர் 64 வெளிவந்தது 1982-இல். அதன் ஒலிச் சிப்புக்குச் சிட் என்று பெயர், வடிவமைத்தவர் பாப் யானெஸ். மூன்றே சேனல், ஆனால் ஒவ்வொன்றும் அலை வடிவத்தை மாற்றிக்கொள்ளும். கூடவே ஒலியின் கூர்மையைச் சீவித் தள்ளும் வடிகட்டியும் உண்டு. ஆரம்பகாலச் சிப்களில் அந்த வடிகட்டி ஒன்றைப்போல் ஒன்று அமையவில்லை. பக்கத்து வீட்டுக் கணினியில் அதே பாட்டு கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும். வீணைக்கு வீணை நாதம் மாறும் என்பார்கள், தொழிற்சாலையில் அச்சாகும் சிப்பும் அப்படி மாறியிருக்கிறது.

இன்னும் துலக்கமான உதாரணம் கொனாமி நிறுவனத்தின் மூன்றாவது காசில்வேனியா கேம். 1989-இல் ஜப்பானில் ஃபேமிகாமுக்கு வந்த பெட்டிக்குள் விஆர்சி6 என்ற கூடுதல் சிப்பை வைத்து, மேடையில் மூன்று பேரை அதிகமாக ஏற்றினார்கள். அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ கருவியோ பெட்டியிலிருந்து வரும் ஒலியைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் அங்கே அதே பாட்டுகளை வழக்கமான ஐந்து பேருக்கு மாற்றி எழுத வேண்டியதாயிற்று. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜப்பானியப் பதிப்பு நிறைவாக இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள், எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஆள் குறைந்த பதிப்பில் எதை விட்டார்கள், எதை எப்படியாவது காப்பாற்றினார்கள் என்று கேட்பதில்தான் எனக்குச் சுவாரசியம்.

பிடிப்பது ஏன்

மலரும் நினைவு ஒரு காரணம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அது பாதி கூட விளக்காது.

மூன்று குரலும் ஒரு இரைச்சலும் மட்டும் இருக்கும் இடத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. சுமாரான மெட்டை நாற்பது வயலின் வைத்து மூடி மறைக்கலாம், பாடகரின் குரலால் கரையேற்றலாம். இங்கே அந்த வசதி இல்லை. மெட்டு நிற்க வேண்டும், பேஸ் தன் போக்கில் நடக்க வேண்டும், இரண்டும் மோதாமல் பேசிக்கொள்ள வேண்டும். முதல் முறை கேட்பவருக்கே ஒவ்வொரு குரலும் எங்கே போகிறது என்று காதால் பின்தொடர முடிகிறது.

அதோடு, விளையாடுகிறவன் பள்ளத்தில் விழுந்து சாகும் ஒவ்வொரு முறையும் பாட்டு முதலிலிருந்து தொடங்கும். ஒரே சாயங்காலத்தில் ஐம்பது முறை கேட்க நேரும். அத்தனை முறை கேட்டும் வெறுக்காத மெட்டாக இருந்தால்தான் கேமை அணைக்காமல் இருப்பான். பல்லவியை இத்தனை கறாராகச் சோதித்த மேடை வேறு இருக்குமா தெரியவில்லை. 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காத்துவைக்க வேண்டிய ஒலிகளின் பட்டியலில் மரியோ பாட்டைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் கேம் இசை அதுதான்.

இன்று சிப்டியூன் செய்பவர்களில் பலர் வேண்டுமென்றே அந்தக் குறுகிய மேடைக்குத் திரும்பியவர்கள். 1989-இல் வந்த கேம் பாய் கருவியையே வாத்தியமாக்கும் எல்எஸ்டிஜே என்ற மென்பொருள் உண்டு. கையடக்கத் திரையில் மேலிருந்து கீழாக ஓடும் எண் கட்டங்களில் சுரங்களை நிரப்பி, மேடையில் வைத்தே வாசிக்கிறார்கள். இப்படிக் கட்டங்களில் இசை எழுதும் முறைக்கு டிராக்கர் என்று பெயர். 1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி அமிகா கணினிக்குச் செய்த மென்பொருளிலிருந்து அது பரவியது. சிப்டியூன் என்ற சொல்லும் அமிகாக்காரர்களிடமிருந்துதான் வந்தது. குட்டிச் சாம்பிள்களை வைத்துப் பழைய சிப் ஒலியைப் போலி செய்த பாட்டுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஆக, "அசல் சிப்பில் வாசித்தால்தான் சிப்டியூன்" என்று இன்று சண்டை போடுகிறவர்களுக்கு அந்தச் சொல்லின் பிறப்பே ஒத்துழைக்கவில்லை. நான் மேலே கொடுத்த விளக்கமும் அந்தக் கறார்க் கட்சிதான் என்பது தெரிந்தே சொல்கிறேன். புதிதாகக் கேட்பவருக்கு அங்கிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னபோது பாதியிலேயே கொட்டாவி விட்டான். சரி என்று கணினியில் மரியோவை ஓடவிட்டு, ஒலி அமைப்பில் ஒவ்வொரு சேனலாக அணைத்தேன். மெட்டு போனது, துணைக் குரல் போனது, தாளமும் போனது. முக்கோண அலை மட்டும் மிச்சம். "பாட்டுக்குள்ள இதுவும் இருந்துச்சா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். எல்லாவற்றையும் திரும்பத் திறந்துவிட்டு அவன் கையில் கொடுத்தேன்.

இரண்டு நிமிடம் ஆடியிருப்பான். "மாமா, காசு எடுக்கும்போதெல்லாம் பாட்டுல கொஞ்சம் காணாம போகுது."

போகத்தான் செய்யும். காசு சத்தத்துக்கென்று தனி ஆள் கிடையாது. பாட்டு வாசித்துக்கொண்டிருக்கும் துடிப்பலைக்காரர்களில் ஒருவர்தான், வாசிப்பதை ஒரு கணம் விட்டுவிட்டு அந்த 'டிங்'கைச் சொல்லிவிட்டு ஓடிவருகிறார். முப்பது வருடமாக இந்தப் பாட்டைக் கேட்கிறேன், யாரோ சொல்லித்தான் எனக்கு அது தெரிந்தது. அவன் மறுபடி ஒரு காசைத் தொட்டு, காதைத் தீட்டி, "இதோ, இங்க" என்றான்.